எதிர்ச்சுவரில் போட்ட குரல்

இந்த ஜன்னலுக்கு இந்தத் திரைச்சீலை சரியில்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. மேற்கு பார்த்த ஜன்னல் இது. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உங்கள் முகத்தில்தான் அடிக்கும். உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்த கனமான சீலை போட்டிருக்க வேண்டும். யாரோ ஒருவர் தள்ளிவிட முடியாமல் வைத்திருந்த மெல்லிசுத் துணியை உங்கள் தலையில் கட்டிவிட்டார். வாங்கியது யார் என்று கேட்கமாட்டேன். அரசாங்கக் கொள்முதல் எல்லா இடத்திலும் ஒரே லட்சணம்தான்.

கதவை மட்டும் கொஞ்சம் திறந்தே வையுங்கள். நான் எங்கும் ஓடிவிடமாட்டேன், ஓடியது போதும். அடைத்த அறையில், சுவரும் வெறும் சுவராக இருந்தால், பேச்சு திரும்பி வருகிறது. என்னுடைய பேச்சாக இருந்தால் பரவாயில்லை.

நான் திரைச்சீலை வியாபாரி. கூரை போட்ட பழைய கடைவீதியில் எங்கள் கடை. நீளமான கல் நடை, இரண்டு பக்கமும் கடைகள், மேலே வளைந்த கூரை. கடைக்குள் வந்துவிட்டால் தரையிலிருந்து உத்தரம் வரை துணிதான். துணி குரலைக் குடித்துவிடும். உள்ளே யார் கத்தினாலும் பஞ்சுமூட்டைக்குள் கத்தியது போலத்தான். வெளியே நடையில் அப்படியில்லை. இந்தக் கோடியில் ஒருவர் இருமினால் அந்தக் கோடியில் இருப்பவர் சூடாக ஏதாவது குடிக்கச் சொல்லுவார்.

எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் எழுதிக்கொள்வதற்கு அது வேண்டும், அதனால் சொல்கிறேன். பேரம் படியாமல் ஓர் அம்மாள் எழுந்து போகிறார் என்று வையுங்கள். முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் நம் கை தாழ்ந்துவிடும். கூப்பிடாமல் விட்டால் எதிர்க்கடைக்காரர் கொத்திக்கொண்டு போய்விடுவார். ஆகவே முகத்தைத் திருப்பி, அவருக்கு முன்னால் இருக்கும் சுவரைக் குறிவைத்துக் குரலைப் போடுவோம். "அம்மா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். குரல் சுவரில் பட்டு அவருக்கு எதிர்த்தாற்போலிருந்து வரும். கூப்பிட்டது யார் என்று தெரியாமல் நின்று சுற்றும்முற்றும் பார்ப்பார். அந்த நேரத்தில் நாம் குனிந்து துணி மடித்துக்கொண்டிருப்போம். கூப்பிட்ட மாதிரியும் இருக்கும், கூப்பிடாத மாதிரியும் இருக்கும். அப்படித் திரும்பிப் பார்த்தவர் உண்மையில் போக நினைத்தவர் அல்ல. இது எங்கள் வீதியில் தூண் துடைக்கிறவருக்கும் தெரியும்.

நானும் என் தங்கையும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதையே ஒரு விளையாட்டாக ஆடுவோம். கண்ணை மூடிக்கொண்டு, குரல் எந்தச் சுவரில் விழுந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். அவள்தான் ஜெயிப்பாள்.

கடை என் பெயரில் இருந்தது, ஓடியது அவளால். நீலத்தில் சீலை வேண்டும் என்று ஒருவர் வருவார். நானாக இருந்தால் நீலத்தையெல்லாம் இறக்கிக் கொட்டிவிடுவேன். அவள் ஒரு துணியையும் தொடமாட்டாள். "ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?" என்பாள். அப்புறம், "காலையில அந்த ரூம்ல யாரு இருப்பாங்க?" என்பாள். பிறகு உள்ளே போய் ஒரே ஒரு துணியை எடுத்து வந்து மடியில் போடுவாள். அது நீலமாகவே இருக்காது. வந்தவர் வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை ஒரு புது மணப்பெண்ணிடம், "இது உனக்கு வேணாம்மா, உன் மாமியாருக்குத்தான் பிடிக்கும்" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அந்தப் பெண் தன் தெருவையே கூட்டிவந்தாள்.

என் பங்கு வேறு. ஜோடியாக வருகிறவர்களில் முடிவு யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. சத்தமாகப் பேசுகிறவர் கையில் இருக்காது. பதில் சொல்வதற்கு முன்னால் யார் முகம் யாரைப் பார்க்கிறது என்று கவனித்தால் போதும். பார்க்கப்படுகிறவரிடம் பேச வேண்டும். இத்தனை வருஷத்தில் இதில் நான் தவறியதே இல்லை.

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் வீட்டுக்காரர், பல் டாக்டர். நல்லவர். இதை நான் சொல்லி நீங்கள் எழுதிக்கொண்டால் விசித்திரமாக இருக்கும், ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அவருக்கு 'ஒரே விலை' என்று பட்டப்பெயர். சந்தையில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வருவார். என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். "பல்லுக்கும் பேரம் பேசினா பாதிப் பல்ல பிடுங்கி விட்டுடறதா அக்கா?" என்று சிரிப்பார். அவருக்குத் தொழிலே மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வது. எங்களுக்கோ முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். இருந்தாலும் ஒத்துத்தான் போனோம்.

எனக்குச் சர்க்கரை வந்தபோது என்னை ஓட வைத்தவர் அவர்தான். விடியும்போது வந்து கதவைத் தட்டுவார். பூங்காவில் அவர் மான் போல ஓடுவார், நான் துணி மூட்டை உருளுகிற மாதிரி பின்னால் போவேன். ஆனால் அவர் என்னை விட்டுவிட்டுப் போனதே இல்லை. முன்னால் ஓடுவார், மறைவார், கொஞ்ச நேரத்தில் எதிரே திரும்பி வந்து, "வாங்க மச்சான், இன்னும் கொஞ்சம்தான்" என்று கூட்டிக்கொண்டு போவார். ஒருமுறைகூட விடாமல் திரும்பி வருவார். அதுவும் உங்களுக்கு வேண்டியதுதான்.

விடுமுறைக்கு அந்தப் பாலைவனப் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். சிவந்த பாறைச் சுவர்களுக்கு நடுவே ஓடுவதற்கென்றே பாதை இருக்கிறதாம், உலகத்திலேயே அழகான ஓட்டமாம். என் வீட்டுக்காரி, "கல்லைப் பாக்க இவ்வளவு தூரமா? வீட்டுப் பின்னாடியே கிடக்கே" என்றாள். ஆனால் போய்ப் பார்த்ததும் அவளும் வாயை மூடிக்கொண்டாள். காலை வெயில் இறங்க இறங்க அந்தச் சுவர்கள் நிறம் மாறின. அந்த நிறத்தில் ஒரு துணி கிடைத்தால் நான் ராஜாவாகிவிடலாம் என்று தங்கையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை விடுதிச் சாப்பாட்டு மேசையில் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளைக்குக் கடற்கரைப் பட்டணம் ஒன்றில் பெரிய மருத்துவமனையில் வேலை. இருவரும் போகிறார்கள். வீடு கூடப் பார்த்தாகிவிட்டது.

"கடை?" என்றேன்.

மாப்பிள்ளை தங்கையை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "நீங்க இருக்கீங்களே மச்சான்" என்றார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி மேல் எவ்வளவு பாசம், பேசுவதற்கு முன் அவள் முகத்தைப் பார்க்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

ஓடப் புறப்பட்டோம். மாப்பிள்ளை வாசலில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். விடுதிக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வெயிலில் காய்ந்த வற்றல் போல இருப்பார், ஆனால் கண் கூர்மை.

"பாத ரெண்டாப் பிரியுற இடத்துல வலது கைப் பக்கமே போங்க. இடது பக்கம் ஒரு இடுக்கு இருக்கு. வழவழன்னு சறுக்கிட்டு இறங்கலாம், ஏற முடியாது. இன்னொண்ணு, உள்ள போனப்புறம் குரலை நம்பாதீங்க. பாற சுத்தி விடும். கண்ணால பாத்தாத்தான் ஆளு. யாராவது கூப்பிட்டா நின்ன இடத்துலயே நில்லுங்க."

"சரிங்க" என்றேன்.

இதை மாப்பிள்ளையிடம் நான் சொன்னேனா என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை.

உள்ளே போகப் போக நிழலும் குளிர்ச்சியும். காலடிச் சத்தம் முன்னாலும் பின்னாலும் வந்தது, இன்னும் இரண்டு பேர் கூட ஓடுகிற மாதிரி. பாதை பிரியும் இடத்தில் ஆள் உயரப் பாறை ஒன்று கிடந்தது. அதன் நிழலில் நின்றோம். அங்கேதான் பேச்சை எடுத்தேன்.

"இந்த சீசன் முடியட்டும் மாப்ளே. அப்புறம் போங்க."

"இல்ல மச்சான்."

"சரி, நீங்க முன்னால போங்க. அவ கொஞ்ச நாள் கழிச்சு வரட்டும்."

"அது சரிப்படாது."

"அவ இல்லாம அந்தக் கடையில நான் என்ன பண்ணுவேன்னு யோசிச்சீங்களா?"

அவர் என் தோளில் கை வைத்தார். "யோசிச்சேன். நிறையவே யோசிச்சேன். முடிவு பண்ணியாச்சு மச்சான். விடுங்க."

ஒரே விலை. எத்தனை படி இறங்கினேன் பாருங்கள், அவர் ஒரு படி இறங்கவில்லை. பேரத்தில் எதிராளி எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும், ஐயா, ஒரு மரியாதைக்காவது. ஒன்றுமே விட்டுக்கொடுக்காதவர் நம்மை எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம்.

கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது என்றேன். உட்கார வைத்தார், காலை நீவிவிட்டார். தன் தண்ணீர்க் குடுவையை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். "நிறையக் குடிங்க, தண்ணி குறைஞ்சாத்தான் பிடிக்கும். நான் அந்த வளைவு வரைக்கும் போயி பாத்துட்டு வந்துடறேன்" என்று வலது பக்கம் ஓடினார். கால் உண்மையிலேயே வலித்ததா என்று இப்போது எனக்கு நினைவில்லை.

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "மச்சான், வர்றீங்களா?"

நான் பேசவில்லை. இதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. பேரம் முடியாமல் எழுந்து போனவர் தானாகக் கூப்பிட்டால் நாம் பேசாமல் இருக்க வேண்டும், அது பழக்கம். மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரலில் கொஞ்சம் பதற்றம் இருந்தது. பதற்றம் நல்ல அடையாளம். இறங்கி வரப்போகிறார் என்று அர்த்தம்.

அப்போது நான் ஒருமுறை கூப்பிட்டேன். "மாப்ளே."

முகத்தை இடது பக்கம் திருப்பி, அந்த இடுக்கின் வாயில் இருந்த சுவரைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் பேனாவைக் கையில் எடுக்கும்போது எந்த விரலால் பிடிப்பது என்று யோசிப்பீர்களா? குரல் அந்தப் பாறையில் விழுந்த அழகு எங்கள் கல் நடையில்கூட வாய்த்ததில்லை. யாரோ இடுக்குக்குள்ளிருந்து கூப்பிட்டது போலவே இருந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அவர் ஓடி வரும் காலடி கேட்டது. நான் எழுந்து பாறைக்குப் பின்னால் போய் நின்றேன். கடைக்காரன் குனிந்து துணி மடிக்கிற மாதிரிதான், வேறொன்றும் இல்லை. வந்தார். நான் இருந்த இடத்தைப் பார்த்தார். வெறும் தரை. தண்ணீர்க் குடுவை என்னிடம் இருந்தது. மூச்சு வாங்க நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

ஒருமுறை கூப்பிட்டேன் என்று சொன்னேன் அல்லவா. இன்னொரு முறையும் உண்டு.

"மாப்ளே, விழுந்துட்டேன். கால் போச்சு."

அதையும் அந்தச் சுவரில்தான் போட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. இடுக்குக்குள் நுழைந்தார். கூழாங்கற்கள் சரிகிற சத்தம், பிறகு உடம்பு சறுக்குகிற சத்தம், பிறகு ஒரு முனகல். அப்புறம் கீழேயிருந்து குரல் வந்தது. "மச்சான், பயப்படாதீங்க. நான் வந்துட்டேன்."

ஐயா, அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்கிறீர்களா?

பாறையில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் கொஞ்சம் இறங்கிப் பேசினால், 'சரி மச்சான், இங்கேயே இருந்துடறோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால், விடுதிக்கு ஓடிப் போய்க் கயிறோடு ஆளைக் கூட்டிவந்திருப்பேன். சத்தியமாகச் செய்திருப்பேன். ஆனால் அவர் அதைச் சொல்லவே இல்லை. "எங்க இருக்கீங்க? சத்தம் குடுங்க. அசையாம இருங்க, காலைக் கட்டிவிடறேன்" என்று இதையேதான் மாற்றி மாற்றிச் சொன்னார். கேட்டால்தானே சொல்லுவார் என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டால் நான் தோற்றேன் என்று ஆகிவிடும்.

வெயில் பாறைமேல் ஏறியதும் எழுந்தேன். ஓடி முடித்தால் உடனே உட்காரக்கூடாது, மெதுவாக நடந்து உடம்பை ஆறவிட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்திருந்தார். அப்படியே நடந்தேன்.

விடுதியில் நான் பொய் சொல்லவில்லை. "மாப்பிள்ள வலது பக்கமா முன்னால போனாரு, நான் கால் வலின்னு திரும்பிட்டேன்" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் சுத்தம். ஆட்கள் வலது பாதையில் அது முடிகிற இடம் வரைக்கும் தேடினார்கள். தங்கை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் என் அறைச் சுவர்கள் பேச ஆரம்பித்தன. உரக்க இல்லை, தாழ்ந்த குரலில், நோயாளியைத் தைரியப்படுத்துகிற மாதிரி. கட்டிலில் இருந்த போர்வை, விரிப்பு, ஜன்னல் சீலை எல்லாவற்றையும் எடுத்துச் சுவர்களில் மாட்டினேன். விடுதிக்காரர் அதையும் உங்களிடம் சொல்லியிருப்பார். துணி குரலைக் குடிக்கும் என்று சொன்னேனே, அந்த அறையில் குடிக்கவில்லை. என் வாழ்நாளில் துணி என்னைக் கைவிட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் காலை எங்களையும் உள்ளே அழைத்துப் போனார்கள். பாதை பிரியும் இடத்தில் விடுதிக்காரர் நின்று, "நீங்க கூப்பிடுங்க. உங்க குரல்னா அவருக்கு அடையாளம் தெரியும்" என்றார்.

எல்லோரும் வலது பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கூப்பிட்டேன். "மாப்ளே."

கூப்பிட்ட பிறகுதான் கவனித்தேன். என் முகம் இடது பக்கம் திரும்பியிருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் குரலைப் போட்டிருந்தேன். கை பழகிய இடத்துக்குத்தானே போகும். அங்கிருந்தவர்கள் யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஒருத்திக்கு மட்டும் தோன்றியது.

"அண்ணா" என்றாள் தங்கை. குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. "வலது பக்கம் போனவர ஏன் இடது பக்கச் சுவத்தைப் பாத்துக் கூப்பிடுற?"

நான் குனிந்து ஷூ நாடாவை இழுத்துக் கட்டினேன்.

"நேத்தும் இப்படித்தான் கூப்பிட்டியா?"

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். ஒரே கடையில் வளர்ந்தவர்கள் நாங்கள். பிறகு அவள் விடுதிக்காரர் பக்கம் திரும்பி, "இந்த இடுக்குல கயிறு போடுங்க" என்றாள்.

அன்று விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கால் முறிந்திருந்தது என்றீர்கள். அவர் கையில் ஒரு துணிப்பட்டை இருந்ததை நானும் பார்த்தேன். தன் சட்டைக் கையைத் தோளோடு பிய்த்து, நீளவாக்கில் கிழித்து, ஒழுங்காக மடித்து வைத்திருந்தார். தன் காலுக்குக் கட்டிக்கொள்ளவில்லை. யாருக்காக மடித்து வைத்திருந்தார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நல்ல பருத்தி, நெருக்கமான நெசவு. குறுக்கே கிழித்தால் பிசிறடிக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்ததில் அவ்வளவாவது கற்றுக்கொண்டார்.

மேலே கொண்டுவந்து படுக்க வைத்த பிறகு தங்கை என் எதிரில் வந்து நின்றாள்.

"அவர் இங்கேயே இருந்துடலாம்னுதான் சொன்னார். 'உங்க அண்ணன் தனியாயிடுவாரும்மா'ன்னு மாசக்கணக்கா சொல்லிட்டிருந்தார். போயே ஆகணும்னு நின்னது நான். எனக்கு அந்தக் கடை வேணாம். உன் குரல் விழாத ஒரு வீடு வேணும்னு கேட்டேன். உன் மனசு நோகக்கூடாதுன்னு தன் தலைமேல போட்டுக்கிட்டார்."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு ஒரு வார்த்தை இல்லை. இங்கேயும் அவள் வரவில்லை என்கிறீர்கள். வருவாள். பேரத்தில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, அவ்வளவுதான். நான் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறாள்.

அவள் சொன்னதை நான் நம்பவில்லை. துக்கத்தில் சொன்னது. ஜோடியில் முடிவு யார் கையில் என்பதில் நான் தவறியதே இல்லை என்று உங்களிடம் முதலிலேயே சொன்னேன். அந்தச் சாப்பாட்டு மேசையில் அவர் அவளைப் பார்த்த பார்வையை மட்டும் சில நேரம் நினைத்துக்கொள்கிறேன். அது பாசம்தான். வேறு என்னவாக இருக்க முடியும்?

எழுதிக்கொள்ளுங்கள். அவரை இடுக்குக்குள் இறக்கியது என் குரல்தான். அவர் ஏற முடியாது என்று எனக்குத் தெரியும், தண்ணீர் என்னிடம் இருப்பதும் தெரியும். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் கேட்கும் ஒன்றில் மட்டும் போடமாட்டேன். குடும்பத்தை விட்டுப் போகிறவர்மேல் இருந்த ஆத்திரத்தில் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். போக நினைத்தவர் சுவரில் போட்ட குரலுக்கு நிற்கமாட்டார், ஐயா, அது எங்கள் தொழிலில் பரீட்சை பண்ணிப் பார்த்த விஷயம். அவர் நின்றதோடு விடவில்லை, ஓடி வந்தார். எங்களை விட்டுப் போக அவருக்கு மனசே இல்லை என்பது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.